பாதி, கால், அரைக்கால்: குழந்தைகள் கையில் பின்னக் கணக்கு

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கல்வியின் சிறப்பு’ என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் அவர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். கல்வி சிறந்தது என்பதில் இந்த அவையில் ஐயம் உடையவர் எவருமிலர். ஐயமில்லாத ஒன்றைப் பற்றி நெடுநேரம் பேசுவது உங்கள் பொறுமைக்குச் செய்யும் தீங்காகும். ஆகவே அவரது இசைவுடன் தலைப்பைச் சுருக்கிக்கொண்டேன். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் வரும் பின்னக் கணக்கு என்னும் ஒரே பாடத்தைப் பற்றியும், அதைச் சிறு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றியும் மட்டுமே பேசப் போகிறேன். குறிப்பாக, மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களை நோக்கியே பேசுகிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இத்துணைப் பெரிய விழாவில் இத்துணைச் சிறிய பொருளா என்று சிலர் நினைக்கக்கூடும். என் பணிக்காலத்தில் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, அத்துடன் படிப்பை நிறுத்திவிட்டுக் கட்டட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் சென்ற நம் பிள்ளைகள் சிலரை அழைத்து உட்கார வைத்து, எங்கே விட்டது என்று பின்னோக்கிப் பார்த்திருக்கிறேன். முதலில் இயற்கணிதத்தில் விட்டதுபோலத் தோன்றும். சற்றே துருவினால் விகிதத்தில் தடுக்கியிருப்பான். மேலும் துருவினால் பின்னத்தில் வந்து நிற்கும். இருபதில் மூன்று என்றால் என்ன என்று அவனுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. விளங்காமலே ஐந்தாண்டுகள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்பது வயதில் விழுந்த விரிசலை நாம் பதினைந்தாம் வயதில்தான் பார்க்கிறோம்.

இதில் என் பங்கும் உண்டு. நான் கல்லூரியில் வரலாறு பயின்றவன். பள்ளியில் எல்லாப் பாடமும் நடத்த வேண்டியிருந்தபோது, பின்னத்தையும் பாடநூலில் உள்ளபடியே நடத்தினேன். கரும்பலகையில் வட்டம் வரைவேன். நான்காகப் பிரிப்பேன். ஒரு பகுதிக்கு வண்ணச் சாக்பீஸால் நிறம் தீட்டி 1/4 என்று எழுதுவேன். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று சொல்லிப் பத்து முறை எழுதச் செய்வேன். பிள்ளைகளும் பிழையின்றி எழுதுவார்கள். ஒருநாள் நான்காம் வகுப்பில், 1/4 பெரிதா, 1/8 பெரிதா என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 1/8 என்றது. ஏன் என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, “எட்டுதானே சார் பெரிசு?” என்றாள். எனக்குச் சினம் வந்தது, மறைப்பானேன்! இவ்வளவு சொல்லியும் விளங்கவில்லையே என்று கடிந்துகொண்டேன்.

அன்று உணவு இடைவேளையில் அதே சிறுமி வேப்பமரத்தடியில் ஒரு தேங்காய்ச் சில்லைத் தோழியருக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். நால்வர் இருந்தனர். மேலும் நால்வர் ஓடி வந்தனர். “போங்கடி, ஆள் கூடினா துண்டு சின்னதாயிடும்” என்று அவர்களை விரட்டினாள். நான் திண்ணையிலிருந்து அதைக் கேட்டேன். காலையில் நான் கேட்ட வினாவுக்குச் சரியான விடை அதுதான். நான்கு பேர் பங்கிட்டால் கிடைப்பதைவிட எட்டுப் பேர் பங்கிட்டால் கிடைப்பது சிறிது என்பது அவளுக்கு ஐயமறத் தெரிந்திருக்கிறது. என் கரும்பலகைதான் அதை மறைத்துவிட்டது. அன்றிலிருந்துதான் நான் பின்னம் கற்பிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்வேன்.

குழந்தை பள்ளிக்கு வரும்போதே பங்கீட்டை அறிந்து வருகிறது. அதிலும் நம் வீட்டுக் குழந்தை நன்றாகவே அறிந்து வருகிறது. இருப்பது குறைவு, உண்பவர் அதிகம் என்னும் வீடுகளில் பங்கு பிசகினால் சண்டை வரும். அந்த அறிவின் மேல் நின்றுகொண்டு எண்ணை எழுதக் கற்பித்தால் பின்னம் நிலைக்கும். பொருள் வரும் முன் எண்ணை எழுதவைத்தால், இரண்டு முழு எண்களை ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் அடுக்கியிருப்பதாகவே குழந்தை கருதும்.

நம் மொழி இதற்குப் பெருந்துணை செய்கிறது. அரை, கால், முக்கால் என்பன இன்றும் நம் வாயில் உள்ளன. அதற்குக் கீழே அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று ஒரு வரிசையே இருந்தது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/8. இன்று ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ‘பின்னங்களின் பெருக்கல்’ என்று திணறித் திணறிச் சொல்லிக்கொடுப்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. மாகாணி என்னும் சொல்லைப் பாருங்கள். மா என்பது 1/20. காணி என்பது 1/80. இருபதில் ஒன்று என்பது எண்பதில் நான்கு ஆகும். அத்துடன் எண்பதில் ஒன்றைச் சேர்த்தால் எண்பதில் ஐந்து, அதாவது 1/16. மாவும் காணியும் சேர்ந்த மாகாணி 1/16தான்; வீசம் என்பதும் அதுவே. ஒரு சொல்லுக்குள் ஒரு கூட்டல் கணக்கு அடங்கியிருக்கிறது. முந்திரி 1/320. அந்த 320ஐ ஆறு முறை பாதியாக்கலாம், ஐந்தாகவும் பங்கிடலாம்.

இவற்றைத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்று மனப்பாடம் செய்வித்தார்கள். அந்தத் திண்ணையில் நம் முன்னோருக்கு இடம் இருந்ததில்லை என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. சென்னையில் 1894இல் ஓல்காட் பஞ்சமர் பள்ளி திறந்ததும், சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளி கண்டதும், பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா பாடநூல்கள் எழுதியதும் அதன் பிறகுதான். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. எண்சுவடி நம்மவர்க்கு மறுக்கப்பட்ட காலத்திலும் நெல்லை விளைவித்ததும் அடித்ததும் தூற்றியதும் நம்மவர் கைகளே. ஆழாக்கு இரண்டு உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு படி என்பதை அவர்கள் ஏட்டில் படிக்கவில்லை, கையால் அறிந்திருந்தார்கள்.

அந்தப் பொருள்கள் இன்று குழந்தையின் கண் முன்னிருந்து மறைந்துவிட்டன. 1957 ஏப்ரல் முதல் நாள் வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஓரணா என்பது வீசம், இரண்டணா என்பது அரைக்கால் ரூபாய், நாலணா கால் ரூபாய். அணா போன பின்னும் இருபத்தைந்து காசை நாலணா என்றே அழைத்து வந்தோம். அந்த நாணயமும் 2011 ஜூன் இறுதியில் செல்லாததாகிவிட்டது. உழக்கு பரணுக்குப் போயிற்று. பல கடைகளில் தராசு போய், எண் காட்டும் மின்தராசு வந்துவிட்டது. அன்று கால் கிலோ பருப்பு வாங்கப் போன பிள்ளை, படிக்கல்லும் பருப்பும் சமன்படுவதைக் கண்ணால் கண்டது. இன்றைய பிள்ளை ஒட்டிய பாக்கெட்டை வாங்கி வருகிறது. முன்பு கடைத்தெருவில் இயல்பாகக் கிடைத்த பயிற்சியை இப்போது வகுப்பறையில் நாமே ஏற்படுத்தித் தர வேண்டியிருக்கிறது. செயல்வழிக் கற்றலின் தேவை இதுதான் என்பது என் கருத்து.

‘செயல்வழிக் கற்றல்’ என்னும் பெயரில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய முறை, பின்னர்த் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்திருக்கிறது. அட்டைகளும் கருவிப் பெட்டிகளும் வந்தன. நல்ல பொருள்கள்தாம். ஆனால் பழுதாகிவிடுமோ என்று அஞ்சிப் பெட்டியைப் பூட்டி வைக்கும் பள்ளிகளையும் நான் கண்டிருக்கிறேன். 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மாண்டிசோரி அம்மையார், ஒன்றிலிருந்து பத்துப் பாகம் வரை பிரித்த வட்டத் தகடுகளைக் குழந்தைகள் கையில் கொடுத்தார். அவை விலை உயர்ந்தவை. நம் மாலை வகுப்புக்கு அவை தேவையில்லை. பழைய செய்தித்தாள், புளியங்கொட்டை, மணல், கொடிக்கயிறு ஆகியவை போதும்.

முதலில் செய்தித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரல் அகலத்தில் நீண்ட பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று கொடுங்கள். வட்டம் வேண்டாம். வட்டத்தை மூன்றாகவோ ஐந்தாகவோ சமமாக வெட்டுவது பெரியவர்க்கே கடினம். (ஒரு பயிற்சி நூலில் பீட்சா என்னும் பண்டத்தின் படத்தைப் போட்டிருந்தார்கள். அதைக் கண்ட ஒரு சிறுவன், “வண்டிச் சக்கரம் ஏன் சார் உடைஞ்சிருக்கு?” என்று கேட்டான். படம் வரைந்தவரை நான் குறை சொல்லவில்லை. பார்த்தறியாத பண்டத்தை அவன் எங்ஙனம் பங்கிடுவான்?) பட்டையை ஒருமுறை மடிக்கச் சொல்லுங்கள். விரித்தால் இரண்டு பாகம். இருமுறை மடித்தால் நான்கு. மூன்றாம் முறை மடித்ததும் விரிக்க விடாதீர்கள். எத்தனை பாகம் இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலோர் ஆறு என்பார்கள். இரண்டு, நான்கு, அடுத்து ஆறு என்று எண்ணுவது இயல்பே. பிறகு விரித்துப் பார்க்கட்டும். எட்டு இருக்கும். அந்த வியப்பைக் கெடுக்காதீர்கள்; நீங்கள் விடை சொன்னால் அது போய்விடும்.

அடுத்து மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். பலருக்குச் சரியாக வராது. ஒரு பாகம் நீண்டும் மற்றொன்று குட்டையாகவும் இருக்கும். வரவில்லையே என்று வருந்த வேண்டாம். “இதில் குட்டைத் துண்டை உனக்குத் தந்தால் ஒப்புக்கொள்வாயா?” என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பான். சம பாகமாக இருந்தால்தான் மூன்றில் ஒன்று என்னும் விதியை அவனே சொல்லிவிடுகிறான். மறுநாள் நீண்ட பட்டை ஒன்றையும் குட்டைப் பட்டை ஒன்றையும் கொடுத்து, இரண்டையும் பாதியாக மடித்து அருகருகே வைக்கச் செய்யுங்கள். இரண்டும் பாதிதான், ஆனால் ஒன்று பெரிது. “எதில் பாதி?” என்னும் வினா அங்கே பிறக்கிறது. இன்று நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இந்த வினாவை மறவாதீர்கள். முழுமை எது என்று தெரியாமல் பாதி என்று சொன்னால் அதற்குப் பொருளே இல்லை.

பொங்கல் காலமாயின் கரும்பு ஒன்றைக் கொண்டுவாருங்கள். எட்டுக் கணுவுள்ள கரும்பில் பாதி எது என்று கேட்டால், குழந்தைகள் நான்கு கணுவை எண்ணி வெட்டச் சொல்வார்கள். வெட்டி, இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால் நீளம் ஒத்து வராது. அடிக்கரும்பில் கணு நெருக்கமாகவும் மேலே போகப் போக இடைவெளி கூடியும் இருப்பதைக் கண்டுகொள்வார்கள். எண்ணிக்கை சமமானாலும் அளவு சமமாகாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. பாடம் முடிந்ததும் தின்றுவிடலாம் என்பது இதில் ஒரு வசதி.

மூன்றாவதாக, அளத்தல். வீட்டுப் பரணில் உழக்கு இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிடில் ஒரு லிட்டர், அரை லிட்டர், கால் லிட்டர் புட்டிகளும் குவளைகளும் போதும். மணலையோ நீரையோ அளக்கட்டும். அரிசியை மட்டும் விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். நம் வீடுகளில் அது முறையன்று. நெட்டையான பாத்திரத்திலும் அகன்ற பாத்திரத்திலும் ஒரே உழக்கு நீரை ஊற்றி, எதில் அதிகம் என்று கேளுங்கள். மணலை ஒருமுறை தலைதட்டி அளக்கச் சொல்லுங்கள். ஒருமுறை குவித்து அளக்கச் சொல்லுங்கள். பத்து உழக்கு அப்படியும் பத்து உழக்கு இப்படியும் அளந்து, இரண்டு குவியலையும் பார்க்கட்டும்.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அப்பாயி நெற்களத்தில் கூலிக்கு நின்றவர். எழுத்தறியாதவர். களத்தில் பொலி அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். “அந்த லாபம் நம்மளுக்கு இல்லடா தம்பி” என்பார். அவர் வேலை செய்த இடத்தில் இரண்டு மரக்கால்கள் இருந்தனவாம். உள்ளே வாங்க ஒன்று, கூலி கொடுக்க ஒன்று. வாங்குவது குவித்து, கொடுப்பது தலைதட்டி. அவர் கண்ணால் கண்டதைக் கேட்க முடியவில்லை. கேட்டவருக்கு மறுநாள் வேலை இல்லை. மரக்கால் அவர் கையில் இருந்ததில்லை.

அளவு என்பது நம் வரலாற்றில் சிறிய செய்தியன்று. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதையொட்டி எழுந்த பகையில்தான், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்த அரைப்படியை நினையாமல் என்னால் கரும்பலகையில் 1/2 என்று எழுத முடிவதில்லை. குழந்தைகளுக்கு இதை ஒன்பது வயதில் சொல்ல வேண்டும் என்று நான் கூறவில்லை. சொல்லிக்கொடுக்கும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

‘கைகளால் செய்து கற்றல்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யாருடைய கை என்று கேட்க வேண்டும். நான் பணியில் சேர்ந்த தொடக்கத்தில் ஓர் ஊர்ப் பள்ளியில் நீர் அளக்கும் பயிற்சி நடந்தது. நம் பிள்ளைகள் வாளியில் நீர் கொண்டுவருவார்கள். முடிந்ததும் சிந்திய நீரைத் துடைப்பார்கள். குவளை மட்டும் அவர்கள் கைக்கு வராது. “அவர்கள் நன்றாக அளப்பார்கள், இவர்கள் பார்க்கட்டும்” என்று மூத்த ஆசிரியர் ஒருவர் காரணம் சொன்னார். நானும் புதியவன், ஓராண்டு வாய் திறக்கவில்லை. அந்த ஓராண்டை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பள்ளி நாளில் அண்ணல் அம்பேத்கரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு ஆசிரியர் அழைத்தபோது, பலகையின் பின்னே வைத்திருந்த தங்கள் உணவுப் பாத்திரங்களை எடுத்துக்கொள்ள மற்ற மாணவர்கள் ஓடினார்கள் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். நூறாண்டுக்கு மேல் கடந்தும் அதன் சாயல் எங்கள் வகுப்பில் இருந்தது. இரண்டாம் ஆண்டு என் வகுப்பில் ஒரு மாறுதல் செய்தேன். குவளை முதலில் கடைசி வரிசைக்குப் போகும். அங்கிருந்து முன்வரிசைக்கு வரும். எல்லாரும் ஒரே குவளையில் அளக்க வேண்டும். இரண்டு பெற்றோர் வந்து கேட்டார்கள். பாட முறை அப்படித்தான் என்று சொன்னேன். மேலும் சில நாள் முணுமுணுப்பு இருந்தது, பின்பு ஓய்ந்தது. நம் மாலை வகுப்பில் இத்தொல்லை இல்லை. எனினும் சுறுசுறுப்பான நான்கு பிள்ளைகளே எல்லாவற்றையும் அளந்துவிட, மற்றவர் பார்த்திருக்கும் நிலை இங்கும் வரும். பெண் குழந்தைகளைக் கழுவி வைக்கவும் பையன்களை அளக்கவும் ஏவுவதும் நம்மிடையே உண்டு. கவனியுங்கள்.

புளியங்கொட்டைக்கு வருவோம். தலைக்குப் பன்னிரண்டு கொட்டை கொடுங்கள். பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பங்கிடலாம் என்பதால் அந்த எண். பன்னிரண்டில் கால் எவ்வளவு என்று கேட்டால், ஒரு குழந்தை ஒரு கொட்டையை எடுத்துக் காட்டும். ஒன்றின் கீழ் நான்கு என்பதில் அது ஒன்றைத்தான் கண்டது. மற்றொரு குழந்தை நான்கு கொட்டையைக் காட்டும். அது நான்கைக் கண்டது. இரண்டுமே பிழை, இரண்டுக்கும் காரணம் உண்டு. திட்டாமல், நான்கு பேரை உட்கார வைத்துப் பங்கு போடச் சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று என்று தெரிந்துவிடும்.

கொடிக்கயிற்றை வகுப்பின் குறுக்கே கட்டி, ஒரு முனையில் 0, நடுவில் 1, மறுமுனையில் 2 என்று எழுதிய தாள்களைத் துணிக் கிளிப்பால் மாட்டுங்கள். 1/2 என்று எழுதிய தாளைக் கொடுத்து, உரிய இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். பலர் நேராகக் கயிற்றின் நடுவுக்கு, அதாவது 1 இருக்கும் இடத்திற்கே போவார்கள். கயிற்றில் பாதி அதுதான். ஆனால் நாம் கேட்டது கயிற்றில் பாதியன்று, ஒன்றில் பாதி. ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் எல்லாம் இந்தக் கயிற்றில் இடம் பெறும்போதுதான், பின்னம் என்பது வெறும் துண்டன்று, தானும் ஓர் எண் என்பது மனத்தில் படியும். இதை ஆசிரியர் பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் நெடுநாள் விட்டிருந்தேன்.

இவையெல்லாம் மூன்று நான்கு வாரம் நடந்த பிறகே எழுதத் தொடங்குங்கள். எழுதுவதில் நம் மொழியைப் பற்றிய ஒரு நுட்பம் உண்டு. தமிழில் ‘எட்டில் மூன்று’ என்கிறோம். எத்தனையாகப் பிரித்தோம் என்பது முதலில், எத்தனை எடுத்தோம் என்பது பிறகு. சிந்தனைக்கு இது மிகப் பொருத்தமான வரிசை. ஆனால் காதால் கேட்ட வரிசையில் மேலிருந்து கீழாக எழுதும் குழந்தை, எட்டை மேலும் மூன்றைக் கீழும் எழுதிவிடும். இதை அறியாமை என்று நாம் தவறாக எண்ணிவிடுகிறோம். முதலில் கோட்டைப் போடு, பிரித்ததைக் கீழே எழுது, எடுத்ததை மேலே எழுது என்று பழக்கிவிட்டால், சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றாகிவிடும். இந்தச் சிறு மாற்றத்தால் என் வகுப்பில் பாதிப் பிழைகள் குறைந்தன.

கூட்டலில் வரும் தொல்லை யாவரும் அறிந்ததே. 1/2உடன் 1/3ஐக் கூட்டச் சொன்னால் 2/5 என்று எழுதுவார்கள். விதியைச் சொல்லித் திருத்தாதீர்கள். காகிதப் பட்டையை ஐந்தாகப் பிரித்து இரண்டு பாகத்தைக் காட்டுங்கள். அது பாதியைவிடக் குறைவு. “பாதி இட்டிலியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தேன், முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டதே!” என்று சொல்லுங்கள். குழந்தைகள் சிரிப்பார்கள். பிறகு புளியங்கொட்டையில் பாதியான ஆறையும் மூன்றில் ஒன்றான நான்கையும் சேர்க்கட்டும். பன்னிரண்டில் பத்து, அதாவது ஆறில் ஐந்து.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். நூற்றுக்கு இத்தனை என்பதும் பின்னமே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. இட ஒதுக்கீடு அருந்ததியர்க்கான 3 விழுக்காட்டையும் சேர்த்து 18. மொத்த ஒதுக்கீடான 69 விழுக்காட்டில் 26.5 என்றும் 3.5 என்றும் அரைகள் வருகின்றன. அரை ஆளை வேலைக்கு எடுக்க இயலாது. நூறுக்குப் பதில் இருநூறு இடம் என்று கொண்டால் அவை 53, 7 என முழு எண்களாகிவிடுகின்றன. நமது 18, 36 ஆகிறது. தமிழக அரசுப் பணிகளில் உள்ள 200 புள்ளிச் சுழற்சி முறையைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். துணைத் திட்ட நிதியில் நம் பங்கு எவ்வளவு என்று யாரேனும் மேடையில் முழங்கினால், கைதட்டும் முன் நான்காம் வகுப்பு வினாவைக் கேளுங்கள்: எதில் ஐந்தில் ஒன்று? ஒதுக்கியதிலா, செலவழித்ததிலா?

நெடுநேரம் பேசிவிட்டேன். கழகக் கட்டடத்தில் வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மாலை வகுப்பு ஆசிரியர்களுடன் இவற்றையெல்லாம் செய்து பார்ப்பதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பழைய செய்தித்தாள், கத்தரிக்கோல், கொடிக்கயிறு, பத்துப் பன்னிரண்டு துணிக் கிளிப்புகள் கொண்டு வாருங்கள். வீட்டில் உழக்கோ ஆழாக்கோ இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்; துரு ஏறியிருந்தாலும் பரவாயில்லை. புளியங்கொட்டை நான் கொண்டு வருகிறேன்.